நாற்பத்திரண்டாவது தப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருந்தவர்கள்:

கடலுக்கு மேலே, மேடையின் கட்டுப்பாட்டு அறையில்: டாக்டர் நஸீமா. கஸ்பார் மச்சாது, வயது எண்பத்தேழு, துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் தொடர்கதை எழுதியவர். சோலையப்பன், குரல் மேசை. அது நான்.

கடலுக்குக் கீழே, நூற்று முப்பத்தேழு மீட்டரில், வீட்டுக்குள்: ஜெசிந்தா மச்சாது, வீட்டுப் பொறுப்பாளர், கஸ்பாரின் மகள். பூபதி, வெல்டர்.

பதிவேட்டில் இப்படித்தான் எழுதினேன். யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதாமல் கீழே இணைப்புக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. விபத்து நடந்தால் விசாரிக்க வசதியாக இருக்கும். அன்று விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்ததற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மணப்பாட்டுக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கிறது எங்கள் மேடை. அதற்கு நேர் கீழே, கடல் தரையில், வீடு. இரண்டு பெரிய இரும்பு உருளைகளைப் படுக்க வைத்து ஒட்டியதுபோல இருக்கும். கடலடிக் குழாய்களைப் பழுதுபார்ப்பவர்கள் அதற்குள் மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள். இறங்குவதற்கு ஒரு நாள் போதும். ஏறுவதற்கு ஆறு நாள் வேண்டும். அதனால் தினமும் போய்வரும் வேலை இல்லை இது.

என் வேலை குரல். கீழே அவர்கள் சுவாசிப்பது பெரும்பாலும் ஹீலியம், பலூனில் அடைக்கிற வாயு. அதைச் சுவாசித்துக்கொண்டு பேசினால் எப்பேர்ப்பட்ட ஆளும் அணில் கத்துவதுபோலத்தான் பேசுவான். அதனால் நடுவில் ஒரு கருவி. கீழே போகிறவரை முதலில் ஒரு நாள் முழுக்கப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்வோம். அப்புறம் அணில் குரல் கருவிக்குள் போகும், அவருடைய சொந்தக் குரல் வெளியே வரும். என் இடது காதில் அணில், வலது காதில் மனிதர். மற்ற எல்லோருக்கும் மனிதர் மட்டும்.

கருவிக்கு ஒரு குணம் உண்டு. பேச்சாக இல்லாத எதையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். இருமல், தும்மல், பெருமூச்சு எல்லாம் போய்விடும். யாரும் இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. பேச்சு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டித்தான் எழுதுவார்கள்.

ஜெசிந்தாக்கா கீழே போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு என்று போனவர். முதல் தடவை ஏற்றியபோது ஐந்தாம் நாள் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. அவசரமாக மறுபடி அழுத்தம் கொடுத்ததும் கால் வந்தது. அடுத்த வருடம் ஆறு நாளைப் பன்னிரண்டு நாளாக்கி ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அதே இடத்தில் விழுந்தது, கூடவே ஒரு கையும். மூன்றாவது தடவைக்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா இறந்தபோதும் அவர் கீழேதான் இருந்தார். இப்போது நாற்பத்து நான்கு வயது. கருவியில் மட்டும் இன்னும் முப்பத்தைந்து. பதிவு செய்த நாளோடு அந்தக் குரல் நின்றுவிட்டது.

தப்புப் பிடிக்கும் ஆட்டத்தை ஆரம்பித்தது பூபதி. பொள்ளாச்சிக்காரன், சும்மா இருக்கத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெசிந்தாக்கா தன் அப்பா எழுதிய தொடர்கதையை நினைவிலிருந்து வாரம் ஓர் அத்தியாயமாகச் சொல்வார். நாங்கள் அதில் அறிவியல் தப்புகளைப் பிடிக்க வேண்டும். நான் பட்டியல் போடுவேன். கதையின் பெயர், "எழுபத்தைந்து பாகத்தில் ஓர் அரண்மனை."

முதல் வாரமே பூபதி, "எழுபத்தஞ்சு பாகமா? அத்தனை பாகம் படிச்சு முடிக்க எனக்கு இன்னொரு பொறப்பு வேணுமுங்க" என்றான்.

"புத்தகப் பாகம் இல்லடா, கடல் பாகம்" என்றார் அக்கா. "ரெண்டு கையையும் விரிச்சா இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஒரு பாகம். எங்க ஊர்ல கயித்த இப்படித்தான் அளப்பாங்க."

கோவில்பட்டிக்காரனான எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

இருபத்தெட்டு வாரத்தில் நாற்பத்தோரு தப்பு சேர்ந்தது. பட்டியலை விளையாட்டாக அவருடைய அப்பாவுக்கு அனுப்பி வைத்தோம். பதில் ஒரே வரியில் வந்தது. "நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்."

மதியப் படகில் வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். காதில் கருவி, கையில் ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். சிவப்பு காலிகோ அட்டை. வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் செய்வார்களாம். கதை இருக்கும் தாளின் முதுகில் வேறு விஷயங்களும் மாட்டிக்கொண்டு வந்திருந்தன. பல்பொடி விளம்பரம், பாதி ஜோக்கு, ரசவாங்கி செய்முறையின் கடைசி நான்கு வரி. அறுபத்தொரு வருடத்தில் தாள் பழுத்து, தொட்டால் நுனி உதிர்ந்தது. பக்கத்தைப் புரட்டினால் மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்த வாசம்.

"என் வீட்டுக்காரி தைச்சது" என்றார். "கல்யாணத்துக்கு முந்தியே. நான்தான் எழுதுதேன்னு அப்போ அவளுக்குத் தெரியாது."

ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"ஏட்டி ஜெசி, கேக்குதா?"

"கேக்குதுப்பா. சாப்டீங்களா? படகு ஆட்டம் ஜாஸ்தியா இருந்துச்சா?"

"கொண்டல் காத்து. சும்மா தாலாட்டுத மாதிரிதான் இருந்துச்சு. எங்கட்டி அந்தப் பொள்ளாச்சி வாத்தியாரு?"

"கும்புடறேனுங்க ஐயா" என்றான் பூபதி. "கோவிச்சுக்காதீங்க."

"பட்டியல வாசி தம்பி. கோவப்படலாமான்னு பெறவு பாப்போம்."

பூபதி ஆரம்பித்தான். "ஏழாவது தப்புங்க. அரண்மனைக்குள்ள தீவட்டி எரியுதுங்க. இங்க தீக்குச்சி கிழிச்சாலே பத்தாதுங்க. காத்துல ஆக்சிஜன் நூத்துக்கு மூணு பங்குதானுங்க. அழுத்தம் இருக்கிறதால ஒடம்புக்கு அது போதும். நெருப்புக்குப் பத்தாது."

"தீவட்டி இல்லாம இருட்டுல ராஜா எப்படி வடை திம்பான்?"

"வடையே பன்னண்டாவது தப்புங்க. அடுப்பே எரியாது, அப்புறம் எங்க வடை? கரண்ட்டுல தண்ணி காய வெச்சாக்கூட நூத்தித் தொண்ணூறு டிகிரி தாண்டித்தான் கொதிக்குமுங்க."

"வாரம் ரெண்டு லச்சம் பேரு படிச்சாம்யா. பாதிப் பேரு பசியோட படிச்சான். அவனுக்கு வடை போடணுமா வேண்டாமா?"

டாக்டர் நஸீமா சிரித்துவிட்டார். நான் பட்டியலில் பன்னிரண்டுக்கு எதிரே "ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன்.

"பதினஞ்சாவது, ராஜாவோட செவப்புத் தலப்பா. இந்த ஆழத்துல செவப்பு நெறமே கிடையாதுங்க. எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

"அது நான் இல்ல. படம் போடுதவரு அட்டைக்குச் செவப்பு வேணும்னாரு."

இப்படியே போயிற்று. சிலதை ஒப்புக்கொண்டார், சிலதுக்குச் சண்டை போட்டார், திமிங்கலச் சவாரிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். நடுவில் ஒருதரம் ஏழாவது தப்புக்கே திரும்பி வந்தார். மகளிடம் கேட்டார்.

"ஜெசி, தீக்குச்சி பத்தாதுன்னா, ஒங்க அம்மைக்கு நீ மெழுகுவர்த்தி ஏத்தினதாச் சொன்னியே."

"டார்ச் லைட் அடிச்சேம்பா" என்றார் அக்கா.

பூபதி சட்டென்று பேச்சை மாற்றினான். "ஒண்ணு மட்டும் நீங்க கரெக்டா எழுதிப்போட்டீங்க ஐயா. அரண்மனை ஆளுங்க எல்லாருக்கும் அணில் கொரல். அறுபது வருசத்துக்கு முந்தி எப்படிங்க தெரிஞ்சுது?"

கிழவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "கப்பல்ல வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் ஆபீஸ் பெஞ்சில ஒரு பத்திரிக்கைய விட்டுட்டுப் போயிட்டான். மூழ்குத ஆளுங்களப் பத்தி முழுக்கப் போட்டிருந்துச்சு. அகராதிய வச்சுக்கிட்டு மூணு மாசம் படிச்சேன். ராஜா அணில் மாதிரி பேசுதான்னு எழுதின வாரம், திட்டி நூறு லெட்டர் வந்துச்சு. பெறவு புத்தகமாப் போட ஒருத்தன் வந்தான். ராஜாவுக்குச் சிங்கக் குரல் குடுத்தாப் போடுதேன்னான். குடுக்கல. புத்தகம் வரல. இந்த பைண்டு மட்டுந்தான் மிச்சம்."

நாற்பது தப்பும் முடிந்தது. மிச்சம் இருந்தது நாற்பத்தோராவது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பட்டியலில் நான் எழுதியிருந்தது இது: "கடைசியில் கதாநாயகன் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் எழுபத்தைந்து பாகமும் ஏறி மேலே வந்துவிடுகிறான்."

"இதுக்கு நான் விளக்கம் சொல்றேன்" என்றார் டாக்டர். "அந்த ஆழத்துல இருக்கும்போது வாயு உடம்பு பூரா ஊறிப்போகும் ஐயா. ரத்தம், தசை, எலும்பு, எல்லாத்துலயும். மெதுவா ஏறினா மூச்சு வழியா வெளியேறிடும். வேகமா ஏறினா உள்ளயே குமிழியாகும். ஈரம் காயாத பானையச் சூளையில வச்சா வெடிக்குதுல்ல, அதுமாதிரி. உங்க ஆள் பாதி வழியிலயே செத்திருப்பான்."



மற்ற நாற்பதுக்கும் பக்க எண் குறித்துவிட்டேன். இதற்கும் குறிக்கலாம் என்று பைண்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். இருபத்தெட்டாம் வாரம். கதாநாயகன் அரண்மனை வாசலில் நிற்கிறான். கீழே பார்க்கிறான், மேலே பார்க்கிறான், கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறான். அவ்வளவுதான். அதன் கீழே, தொடரும் என்று ஒரு சொல். அடுத்தது அட்டை.

எனக்கு நாசூக்கு வராது. "இதுல அவன் மேலே வரவே இல்லையே" என்றேன்.

"நல்லாப் பாரு சோலை" என்றார் அக்கா. "கடைசியில வருவான். கரையில எல்லாரும் நிப்பாங்க."

"இருபத்தெட்டோட நிக்குதுக்கா. அதுக்கப்புறம் பக்கம் கிடையாது."

"பத்திரிக்கைய மூடிட்டாங்க" என்றார் கஸ்பார். பைண்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இருபத்தொம்பதாம் வாரத்த நான் எழுதி வச்சிருந்தேன். அச்சாகல. அதுல அவன் ஏற மாட்டான். கயித்த விட்டுருவான். அந்த வெள்ளக்காரன் பத்திரிக்கையில போட்டிருந்துச்சே, ஏறினா செத்துருவான்னு. எனக்குத் தெரியும். வடையத் தப்பா எழுதினேன், தலப்பாவத் தப்பா எழுதினேன். இதச் சரியாத்தான் எழுதினேன்."

"அப்போ எனக்கு..." என்றார் அக்கா.

"ஒனக்கு எட்டு வயசு. நான் வாசிச்சு முடிச்சதும், அப்புறம் அவன் வந்துட்டானாப்பான்னு கேட்டே. மறுநா ஒனக்குப் பள்ளிக்கூடம். வந்துட்டாம்மான்னேன். எப்படி வந்தான்னு கேட்டே. ஒரே மூச்சில வந்தான்னேன். கரையில ஆளுங்க நின்னாங்க, மேளம் அடிச்சாங்க, எல்லாம் அப்போ கட்டினதுதான்."

நான் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தேன். ஒரு பாகம் என்பது சுமார் ஒன்று புள்ளி எட்டு மூன்று மீட்டர். எழுபத்தைந்தால் பெருக்கினால் நூற்று முப்பத்தேழு. வீட்டை எந்த ஆழத்தில் வைப்பது என்று பத்து வருடத்துக்கு முன்னால் முடிவு செய்த குழுவில் ஜெசிந்தாக்கா இருந்தார். அங்கே தரை கெட்டியாக இருக்கிறது என்று கோப்பில் காரணம் போட்டிருக்கும். நூற்று முப்பதிலும் அதே தரைதான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

கிழவர் எழுந்து போய்க் கதவோரம் இருந்த பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தப்ப விசாரிக்க வரல ஜெசி. கீழ வரலாம்னு வந்தேன். கம்பெனியில ஒரு வாரம் கீழ தங்க அனுமதி குடுத்துட்டாங்க. எண்பது தாண்டின ஒருத்தன் எறங்கினா போட்டோ போடலாம்லா அவங்களுக்கு. ரெண்டு மாசமா டாக்டரம்மா என்னைய வச்சு எல்லாச் சோதனையும் பண்ணியாச்சு."

டாக்டர் நஸீமா மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இறங்குறதுக்கு ஒண்ணும் தடை இல்ல ஜெசிந்தா. ஏறுறதுதான். அந்த நுரையீரலும் இதயமும் ஆறு நாள் தாங்காது. இருபது நாளாக்கினாலும் தாங்காது. அவர்கிட்ட ஒளிக்காமச் சொல்லிட்டேன். போனா வர முடியாது. இங்க இருந்தா ஒரு வருஷம், ரெண்டு வருஷம். கீழயும் ஏறக்குறைய அவ்வளவுதான்."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"இறங்கத் தகுதியான்னு மட்டும்தான் கேட்டாங்க. அதுக்கு மட்டும்தான் பதில் எழுதினேன். சரியா தப்பான்னு மூணு வாரமா எனக்குத் தூக்கமில்ல."

"வேண்டாம்பா" என்றார் அக்கா. "வராதீங்க."

"ஏன்?"

"இங்க உங்களுக்கு என்ன இருக்கு? ஜன்னலுக்கு வெளிய கறுப்பு. சோத்துல ருசி தெரியாது. எப்பவும் குளிரும். நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு வேலை இருக்கு. நீங்க செத்தா உங்கள எங்க வைப்பேன்?"

"கடல்ல வை. நம்ம ஆளுங்க பாதிப் பேரு அங்கதான கெடக்கான்."

"விளையாடாதீங்க. நான் பழகிட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசலாம், இப்ப பேசற மாதிரி."

அமைதியான குரல். ஓர் அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதுபோல இருந்தது. முப்பத்தைந்து வயது, பிசிறே இல்லை.

கஸ்பார் கொஞ்சநேரம் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அதில் முகம் ஏதாவது தெரியுமா என்று தேடுகிற மாதிரி. பிறகு தலையாட்டினார்.

"சரிம்மா. நீ நல்லா இருக்கேல்லா, அது போதும். நான்தான் கெடந்து மருகிட்டேன் போலிருக்கு." டாக்டர் பக்கம் திரும்பினார். "அஞ்சு மணிப் படகு போயிருக்காதுல்ல?"

"இருக்கு ஐயா."

ஒரு கையில் பெட்டி, மறு கையில் துணிப்பை. பைண்டை மேசையிலேயே விட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

என் இடது காதில் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"வேண்டாம்பா" என்ற முதல் சொல்லுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விம்மல். கருவி விம்மலை வெட்டி வெட்டிச் சொற்களை மட்டும் அடுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக இதுதான் நடக்கிறது. அம்மா போனபோது, பிறந்தநாளில், கிறிஸ்துமஸ் அன்று. நான் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடமாக ஒரு காதில் கேட்டுக்கொண்டு, மறு காதில் கேட்டதை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மற்றவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பது நல்ல குணம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

கருவியைச் சுற்றிவிட்டு நேராகக் கேட்க ஒரு சுவிட்ச் உண்டு. பழுது பார்க்கும்போது மட்டும் போடலாம். போட்டேன்.

அறை முழுக்க அணில் அழுதது.

கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. கீச்சுக் கீச்சென்று, மூச்சு வாங்கி, மறுபடி கீச்சென்று. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா வேறு எதுவுமா என்று நான் பார்க்கவில்லை.

வாசலில் கஸ்பார் நின்றுவிட்டார்.

"யாரது?"

"உங்க மகதான்யா" என்றேன். "இதுதான் நிசக் குரல். இதுவரைக்கும் நீங்க கேட்டது கருவி."

"எவ்வளவு நேரமா அழுதா?"

"இன்னைக்கா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் இரும்பு வலைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"சோலை, அதை ஆஃப் பண்ணு" என்றது அணில் குரல். "பண்ணுடா."

பண்ணவில்லை.

"ஏட்டி" என்றார் கஸ்பார். "என் ராஜா குரல் மாதிரியே இருக்கேட்டி ஒனக்கு. நூறு லெட்டர் போட்டுத் திட்டினான் என்னைய. எல்லாப் பயலையும் கூட்டிட்டு வந்து இதக் கேக்க வைக்கணும்."

கீழே அழுகைக்கு நடுவில் ஒரு கீச்சுச் சிரிப்பு வந்தது. பிறகு நிறைய நேரம் இரண்டும் கலந்து வந்தது.

"நான் வருவேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேம்பா" என்றார் அக்கா. "ஆறு மாசம்னு சொன்னேன்."

"நீ என்ன செய்வ. வந்துட்டான்னு ஒனக்குச் சொன்னவன் நாந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "இப்பவும் வரட்டுமான்னு கேக்குதேன். வேண்டாம்னா போயிருதேன். ஆனா இந்தக் குரல்ல சொல்லு."

அரை நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், அரை நிமிடம்.

"கம்பளி கொண்டு வாங்க" என்றது அந்தக் குரல். "ரெண்டு."

சம்பிரதாயங்கள் முடியப் புதன்கிழமை ஆகிவிட்டது. அழுத்த அறை மேடையில் இருக்கிறது, குறுகலான உருண்டை அறை, இரண்டு படுக்கை. அதற்குள் ஒரு நாள் வைத்து மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றுவோம். மறுநாள் பூபதி கீழேயிருந்து கூண்டில் ஏறி வருவான். கூண்டுக்குள்ளும் அதே அழுத்தம்தான். அப்படியே அவரை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுவான்.

டாக்டர் பெட்டியைப் பரிசோதித்தார். இரண்டு கம்பளி, மூன்று மாதத்துக்கு மருந்து, ஒரு ஜெபமாலை, உறையில் போட்ட நாலு பழைய தாள், ஒரு மெழுகுவர்த்தி.

"இது எரியாது ஐயா. அனுமதியும் கிடையாது."

"எரியாதுன்னா அனுமதிக்கிறதுக்கு என்ன?"

டாக்டர் யோசித்தார். மெழுகுவர்த்தியைத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

அந்த நாலு தாளும் இருபத்தொன்பதாம் வாரம். பைண்டு புத்தகத்தை அவர் கொண்டுபோகவில்லை. "நீங்க வச்சுக்கோங்க தம்பி. கீழ ஈரத்துக்கு அது தாங்காது. அவளுக்கு மனப்பாடம்தான. இந்த நாலு தாள்தான் அவளுக்குத் தெரியாதது" என்றார்.

பைண்டு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ரசவாங்கியின் முதல் பாதி எந்த வாரத்தில் இருக்கிறது என்று தேடினேன், இல்லை. கிழிக்காமல் விட்ட பக்கத்தில் இருந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை கஸ்பார் நீல உடுப்பில், அழுத்த அறையின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கணினிப் பலகையில் படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது, எடை, இறங்கும் நாள். அதற்கு அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி?"

"திரும்பும் நாள் கேக்குது. போடாம வால்வு திறக்காது. வெறுமனே விடவும் விடாது."

கஸ்பார் என்னைப் பார்த்தார். மூன்று நாளாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது, அவரைப் பார்த்தால் கண்ணை எடுத்துக்கொள்வது. இப்போது முடியவில்லை.

"நீங்க தப்பு கண்டுபிடிக்கிற ஆளு" என்றார். "ஒங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி ஏதாச்சும் போடுங்க."

டாக்டரைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சரிபார்த்த அளவுமானியை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து வரும் புதனின் தேதியைப் போட்டேன். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. கருவிகளுக்கு இதெல்லாம் எளிது. எண் சரியான வடிவத்தில் இருந்தால் போதும்.

பிறகு பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். நாற்பத்தொன்றுக்குக் கீழே, நாற்பத்திரண்டு என்று எண் போட்டு எழுதினேன். "கஸ்பார் மச்சாது இரண்டு வாரத்தில் மேலே வந்துவிடுகிறார்." பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

"ஐயா, ஒண்ணும் வேணாமே?"

"குரல் எப்போ மாறும்?"

"ஹீலியம் வந்ததும். பத்து நிமிஷம்."

"சரி. அவளோட லைன இங்க குடுத்துருங்க. அந்தக் கருவி வழியா வேண்டாம்."

கொடுத்தேன். அறைக்குள் இருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. "அப்பா, கம்பளி எடுத்துக்கிட்டீங்களா?" என்று அணில் கேட்டது. அவர் படுக்கையில் சாய்ந்து, அதன் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

இந்தக் கதவு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாத்துவது. அழுத்தம் ஏற ஏறத் தானாக இறுகும். பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. அதனால் பூட்ட வேண்டிய தேவையே கிடையாது. ஆனாலும் பூட்ட வேண்டும், யார் பூட்டினார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

கதவை என் பக்கம் இழுத்துச் சாத்தினேன். சக்கரத்தைக் கடைசி வரை சுற்றினேன். ஆணியைச் செருகிப் பூட்டினேன்.